முன் ஷொக் ஒயிலும் மேல் மூடியும்

எஞ்சின் ஒயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிறவர்களின் மோட்டார் சைக்கிளிலும் முன் ஷொக் ஒயில் பெரும்பாலும் தொழிற்சாலையில் ஊற்றினதாகவே இருக்கும். கண்ணில் படாத ஒயில் அது. குச்சி இழுத்துப் பார்க்க வழியில்லை, குறைந்தால் விளக்கும் எரியாது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுவதால் ஓட்டுகிறவரின் கையும் அதற்குப் பழகிவிடும். பிறேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது, பள்ளத்தில் ‘டக்’ என்கிறது, ஒரு மேடு ஏறி இறங்கினால் இரண்டு மூன்று தரம் ஆடித்தான் ஓய்கிறது. எல்லாவற்றுக்கும் றோட்டைத் திட்டிவிட்டுப் போகிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருந்ததைத்தான் எல்லோரும் ஓட்டினோம். அதனால் யாழ்ப்பாணத்து முற்றங்களில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களில் பத்து, பதினைந்து வயதுக்காரர் நிறைய. அதோடு இந்த ஊரின் காற்றும் மண்ணும் சேர்கிறது. வலிகாமத்துச் செம்மண் தூசி, குழாயைச் சுற்றி நின்று ஒயிலை மறிக்கிற றபர் சீலின் உதட்டுக்குள் போய்த் தங்கும். பண்ணைப் பாலத்தாலும் தீவுப்பக்கத் தாம்போதிகளாலும் தினமும் போய்வருகிற சைக்கிளின் ஷொக் குழாயில் உப்புப் படிந்து குரோமில் புள்ளி விழும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையோரத்திலும் இதே கதைதான். பல கையேடுகள் 10,000 முதல் 20,000 கிலோமீற்றருக்குள் முன் ஷொக் ஒயிலை மாற்றச் சொல்கின்றன. கரையோரத்தில் ஓடுகிற சைக்கிளுக்கு, கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் எந்த சைக்கிளுக்கு இது பொருந்தும் என்று சொல்லிவிடவேண்டும். இரண்டு குழாய்கள் கீழ்க்கூட்டுக்குள் ஏறி இறங்குகிற சாதாரண ரெலஸ்கோப்பிக் ஷொக்கைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நம் ஊரில் ஓடுகிற 100 முதல் 200 சிசி வரையான மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த வகை. ஹொண்டா சி 90 போன்ற பழைய ‘கப்’ வகைச் சைக்கிள்களிலும் பழைய டியோவிலும் முன்சில்லு சிறு கைகளில் தொங்கும். அவற்றின் வேலை வேறு. தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயுமாகத் தலைகீழாக நிற்கிற ஷொக்கையும், ஆட்டத்தை அடக்குகிற பகுதி தனிக் கூடாக (கார்ற்றிட்ஜ்) உள்ளே இருப்பதையும் வீட்டில் முதல் முயற்சியாகக் கையில் எடுக்கவேண்டாம்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். கீழ்க்கூட்டின் அடியில் ஒரு போல்ற்றால் பூட்டிய தண்டு நிற்கிறது. அதில் சில துளைகள். குழாய் இறங்கும்போதும் ஏறும்போதும் ஒயில் அந்தத் துளைகளால் நெருக்கிப் போகவேண்டும். அந்த நெருக்கம்தான் ஆட்டத்தை அடக்குகிறது. சைக்கிளைத் தாங்குவது ஸ்பிறிங். ஒயிலுக்கு மேலே, குழாயின் மேல் வாயை அடைக்கிற மூடிக்குக் கீழே அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிறிங். கடைசி இரண்டு அங்குலத்தில் அதன் வேலை பெரிது. ஷொக்குக்குள் ஊற்றுகிற ஒயிலின் அளவு உண்மையில் இந்தக் காற்றுக்கு எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற அளவுக் கணக்கெல்லாம் தானாக விளங்கும்.

எந்த ஒயில்?

ஒயிலின் தடிப்பைக் காட்டுகிற எண் கையேட்டில் 10டபிள்யூ என்று போட்டிருந்தால் அதுவே. ஆனால் ஷொக் ஒயில் போத்தலில் உள்ள இந்த எண்ணை எல்லாக் கொம்பனிகளும் ஒரே அளவுகோலில் போடுவதில்லை. 10டபிள்யூ என்று எழுதியவற்றையே எடுத்தால், 40 பாகை வெப்பத்தில் ஒன்று 30 சென்ரிஸ்ரோக்ஸ் (தடிப்பை அளக்கிற அலகு) சொச்சம், இன்னொன்று 45ஐத் தாண்டும். ஒருவரின் 5, இன்னொருவரின் 10க்குக் கிட்ட வந்து நிற்பதும் உண்டு. போத்தலின் பின்பக்கத்தில் அல்லது தரவுத் தாளில் 40 பாகைக்கான எண் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரே கொம்பனியில் நில்லுங்கள். இரண்டு காலுக்கும் ஒரே போத்தலில் இருந்து ஊற்றவேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

மிஞ்சிக் கிடக்கிற 20டபிள்யூ-40 எஞ்சின் ஒயிலை ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. எஞ்சின் ஒயிலில் உள்ள எண்ணும் ஷொக் ஒயிலில் உள்ள எண்ணும் ஒன்றல்ல. 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயிலே 40 பாகையில் 10டபிள்யூ ஷொக் ஒயிலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு. 20டபிள்யூ-40 அதையும் தாண்டும். ஊற்றின அன்று ‘இறுக்கமாக, நல்லாக’ இருப்பதுபோலத்தான் தெரியும். பிறகு சின்னச் சின்னக் குழிகள் அடுத்தடுத்து வரும்போது ஷொக் திரும்பி எழும்ப நேரம் கிடைக்காமல் படிப்படியாகத் தாழ்ந்துபோய், கடைசியில் கல்லுப்போல நிற்கும். அவசரத்துக்கு ஏ.ரி.எஃப். பரவாயில்லை. கியர் தானாக மாறுகிற கார்களுக்கு ஊற்றுகிற அந்தச் சிவப்பு ஒயிலைப் பழைய ஹொண்டாக் கையேடுகள் சிலவே ஷொக்குக்குச் சொல்லியிருக்கின்றன; தடிப்பு 10டபிள்யூவுக்குக் கிட்ட. பிறேக் ஒயிலை மட்டும் ஒருபோதும் ஊற்றக்கூடாது. ஷொக் சீல் அந்த இரசாயனத்துக்குச் செய்த றபர் இல்லை, ஊதிக் கெட்டுவிடும்.

இந்தச் சின்ன சைக்கிள்களுக்கு ஒரு காலுக்கு 150 முதல் 250 மி.லீ. வரை போகும். அரை லீற்றர் போத்தல் ஒன்று அனேகமாகப் போதும். சரியான எண் உங்கள் மொடலின் கையேட்டில் இருக்கும். அதில் இரண்டு எண்கள் போட்டிருந்தால் குழம்பவேண்டாம். குறைந்த எண் ஒயிலை மட்டும் வடித்து மாற்றுவதற்கு. கூடிய எண், எல்லாம் கழற்றிக் கழுவிக் காயவைத்த ஷொக்குக்கு. சுவரிலும் தண்டுக்குள்ளும் ஒட்டி நிற்கிற பழைய ஒயில்தான் அந்த இரண்டுக்குமான வித்தியாசம்.

கழற்றும் முன்

வேலை தொடங்கமுதல் குழாய்களைத் துடைத்துவிட்டு, சீல் ஓடுகிற பகுதியை நகத்தால் மேலும் கீழும் தடவுங்கள். நகம் தட்டுப்படுகிற துருப்புள்ளி இருந்தால் புது ஒயில் ஒரு மாதமும் நிற்காது. சின்னப் புள்ளியின் விளிம்பை 1000, பிறகு 2000 இலக்க உப்புத்தாளில் ஒயில் தொட்டு மெதுவாக மழுக்கலாம். குரோம் உரிந்து பள்ளம் விழுந்திருந்தால் குழாயே மாற்றவேண்டும்.

கசிவு இருந்தால் உடனே சீல் வாங்க ஓடவேண்டாம். நிறையக் கசிவுகள் சீலின் உதட்டுக்குள் மாட்டிய மண் துணிக்கையால் வருபவை. தூசி மூடியை மேலே தள்ளிவிட்டு, சோடாப் போத்தலில் இருந்து விரலகலத் துண்டு ஒன்றை வெட்டி, நுனியில் சின்னக் கொக்கிபோல ஒரு வெட்டு வைத்து, சீலுக்கும் குழாய்க்கும் இடையில் நுழைத்துக் குழாயைச் சுற்றி ஒரு வட்டம் இழுத்தால் கறுப்புச் சேறு கையோடு வரும். துடைத்துவிட்டு நாலைந்து தரம் ஷொக்கை அமத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் கசிந்தால்தான் சீல். பழைய சீலின் முகத்தில் 31, 43, 10.3 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். கடையில் மொடலின் பெயரோடு இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. 8 முதல் 17 வரை சொக்கற், மூடியின் அளவுக்குப் பொருந்துகிற ஆறு முகச் சொக்கற், அலன் கீ, மி.லீ. கோடு போட்ட ஜக், 50 மி.லீ. சிறிஞ் ஒன்று, அதன் மூக்கில் செருகச் சேலைன் குழாய்த் துண்டு, அடிமட்டம், பழந்துணி. மூடிக்குப் புது ஓ-றிங் (கசிவை மறிக்கிற றபர் வளையம்) இரண்டு. கடைசியாகச் சொன்னதை வாங்காமல் வேலையைத் தொடங்கவேண்டாம்.

சைக்கிளை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து, வாகனம் தூக்குகிற ஜக்கால் உயர்த்துங்கள். எஞ்சின் அடியில் சைலன்சர் ஓடுகிற சைக்கிளென்றால் ஜக் வேண்டாம். ஹான்டில் கழுத்தில் கயிறு போட்டு மாட்டுக்கொட்டில் தீராந்தியிலோ நல்ல மாமரக் கொப்பிலோ தூக்கிக் கட்டலாம். பனந்தீராந்திக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை. பின்சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து மறியுங்கள்.

மூடியை இளக்கும் ஒழுங்கு

இந்த வேலையில் கூடுதலாகக் கெட்டுப்போவது இந்த இடம்தான். சில்லைக் கழற்றி, ஷொக்கையும் உருவி எடுத்து, பிறகு மேசையில் வைத்து மூடியைத் திருகப் பார்த்தால் குழாயைப் பிடிக்க வழியிருக்காது. வைஸில் இறுக்கினால் குழாய் நசியும். பைப் றெஞ்ச் போட்டால் குரோம் போய்விடும். ஆகவே குழாய் சைக்கிளில் இருக்கும்போதே மூடியை இளக்கவேண்டும்.

ஷொக் குழாயை ஹான்டிலுக்குக் கீழே மேலும் கீழுமாக இரண்டு கிளாம்ப்புகள் பிடித்திருக்கும். மேல் கிளாம்பின் போல்ற்றை முதலில் இளக்குங்கள். கீழ்க் கிளாம்ப் இறுக்கமாகவே இருக்கட்டும். மேல் கிளாம்ப் குழாயை நெரிப்பது சரியாக மூடியின் புரி இருக்கிற இடத்தில். அதை இளக்காமல் மூடியைத் திருகினால் அலுமினியப் புரி இரும்புக் குழாயில் உரஞ்சிக்கொண்டு வரும். இப்போது மூடியைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஹான்டில் மறித்தால் அதன் கிளாம்ப்புகளைக் கழற்றி, வயர்கள் இழுபடாமல் ராங்கின்மேல் துணி விரித்துச் சாய்த்துவிடுங்கள். சில மொடல்களில் மூடியே மேல் கிளாம்பினூடாக இறங்குகிற போல்ற்றாக இருக்கும். அங்கே நெரிக்கிற போல்ற் மேலே இல்லை. முன்பக்கம் உயர்ந்து நிற்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

மூடிகளின் ஆறுமுகம் உயரம் குறைந்தது. கடைச் சொக்கற்றின் வாய் உள்ளே சரிவாகக் கடைந்திருப்பதால் அந்த உயரத்திலும் பாதியைத்தான் பிடிக்கும். வழுக்கி மூலை உருண்டுவிடும். ஒரு பழைய ஆறு முகச் சொக்கற்றின் வாயைக் கிறைண்டரில் மட்டமாகத் தேய்த்து அந்தச் சரிவை எடுத்துவிட்டால் மூடியை அடிவரை பிடிக்கும். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாத கராச்சுகளின் கைபட்ட மூடிகளைப் பார்த்தாலே தெரியும், உளி அடித்த தடம் இருக்கும். உள்ளே அலன் குழி உள்ள மூடியில் மாரிகாலத்துத் தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருக்கும். ஊசியால் கிண்டித் துப்புரவாக்கி, கீயைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிவிட்டுத்தான் திருகவேண்டும்.

இனிச் சில்லு. டிஸ்க் பிறேக்கென்றால் கலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியால் தூக்கிக் கட்டுங்கள், ஹோஸில் தொங்கவிடவேண்டாம். பாட்களுக்கு இடையில் ஒரு மரத்துண்டு செருகுங்கள். யாராவது தெரியாமல் பிறேக் பிடித்தால் பிஸ்ரன் வெளியே வந்துவிடும். ட்ரம்மென்றால் பிறேக் கேபிளும் மீற்றர் கேபிளும். பிறகு அச்சு, சில்லு, மட்காட். கீழ்க் கிளாம்பை இளக்க முன்னர், குழாய் மேல் கிளாம்புக்கு மேலே எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். குழாயைச் சுழற்றிச் சுழற்றிக் கீழே இழுத்தால் வந்துவிடும். துரு பிடித்து வராவிட்டால் கிளாம்பின் வெட்டுக்குள் தட்டை ஸ்குறூ டிறைவரை மெல்லச் செருகி விரித்துக்கொடுங்கள். சுத்தியலால் விரிக்கப் போனால் வெடித்துவிடும்.

மூடியை முழுதாகக் கழற்றும்போது அது ஸ்பிறிங்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஒரு மி.மீ. அமுங்க அரைக் கிலோ கேட்கிற ஸ்பிறிங், 20 மி.மீ. அமுங்கி நின்றால் மூடியை 10 கிலோ பாரத்தோடு தள்ளும். கடைசிப் புரியில் அது எகிறினால் முதலில் அகப்படுவது கண் அல்லது பல். இரண்டாவது அந்தக் கடைசிப் புரி. துணியால் மூடி, சொக்கற்றை உள்ளங்கையால் கீழே அழுத்தியபடி அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் குழாயைச் சுழற்றுங்கள். முகத்தை விலக்கி வையுங்கள்.

பழைய ஹொண்டா, யமஹாக்கள் சிலவற்றில் புரியே இல்லை. றபர் மூடியைக் கிளப்பினால் உள்ளே ஒரு தட்டு, அதைத் தடுக்கிற கம்பி வளையம். தட்டை மொத்தக் கம்பியாலோ சொக்கற் நீட்டியாலோ ஒரு சென்ரிமீற்றரளவு கீழே அமத்தி வைத்துக்கொண்டு, வளையத்தைச் சின்ன ஸ்குறூ டிறைவரால் நெம்பி எடுக்கவேண்டும். இதற்கு இரண்டுபேர் தேவை. துருப்பிடித்த வளையத்தைத் திரும்பப் போடவேண்டாம், காசு அற்பம்.

வடித்தல்

ஸ்பேசர் (ஸ்பிறிங்கின்மேல் இருக்கிற குழாய்த் துண்டு), வாசர், ஸ்பிறிங் என்று வருகிற ஒழுங்கை அப்படியே துணியில் அடுக்கிவையுங்கள். ஸ்பிறிங்கின் ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் அது மேலே இருந்ததா கீழேயா என்று பாருங்கள். கொம்பனிக்குக் கொம்பனி அது மாறும்.

பழைய ஒயிலை வடிக்க முன்னர் ஒரு வேலை இருக்கிறது. கையேடு இல்லாதவர்களுக்கு இது பொன். ஸ்பிறிங் இல்லாமல் குழாயை அடிவரை அமத்தி, நட்டுக்கு நிறுத்தி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஒயில் மட்டம்வரை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். இரண்டு காலையும் அளங்கள். கசியாத காலின் எண் கிட்டத்தட்டத் தொழிற்சாலை மட்டம். கசிந்த காலின் எண் எவ்வளவு போய்விட்டது என்று சொல்லும்.

பிறகு ஜக்குக்குள் கவிழ்த்து, குழாயை மெதுவாகப் பத்துப் பதினைந்து தரம் இழுத்து அமத்துங்கள். வேகமாக அமத்தினால் தண்டின் துளையால் ஒயில் பீச்சியடிக்கும். வருகிற ஒயில் சாம்பல் நிறமாகப் பளபளத்தால் அது உலோகத் தேய்மானம், எதிர்பார்க்கிறதுதான். பால்போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது: சீல் நல்லதென்றால் மூடியின் ஓ-றிங்தான் வழி. மணத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பழைய ஷொக் ஒயில் அழுகிய மீன்போல மணக்கும். விறாந்தையில் வைத்துச் செய்யவேண்டாம். அரை மணித்தியாலம் கவிழ்த்தே விடுங்கள்.

கீழ்க்கூட்டின் பக்கத்தில் வடிக்கிற ஸ்குறூ உள்ள பழைய மொடல்களில் ஷொக்கைக் கழற்றாமலே வடிக்கலாம். ஆனால் அடியில் கிடக்கிற சேறு அதனால் வராது. இன்னும் சிலர் அடியிலுள்ள அலன் போல்ற்றைக் கழற்றி வடிப்பார்கள். அது தண்டைப் பிடித்திருக்கிற போல்ற். கழற்றினால் தண்டு உள்ளே சும்மா சுற்றும். திரும்ப இறுக்கினாலும் சேர்ந்து சுற்றிக்கொண்டே நிற்கும். அதன் செப்பு வாசரைப் பழையதையே போட்டால் அடியால் கசியும். ஒயில் மாற்ற மட்டும் என்றால் அந்தப் போல்ற்றைத் தொடத் தேவையில்லை. சீல் மாற்றக் கழற்றத்தான் வேண்டுமென்றால், மூடியும் ஸ்பிறிங்கும் உள்ளே இருக்கும்போதே அதை இளக்குங்கள்; ஸ்பிறிங்கின் அழுத்தம் தண்டைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

மண்ணெண்ணெயில் கழுவலாமா என்றால், முழுக்கப் பிரித்துக் காயவைப்பதென்றால் கழுவலாம். பிரிக்காத ஷொக்குக்குள் ஊற்றினால் தண்டுக்குக் கீழே 10 மி.லீ.யாவது நின்றுவிடும். 170 மி.லீ. ஒயிலில் அது கலந்தால் காசு கொடுத்து வாங்கின 10டபிள்யூவின் தடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவிடும். புது ஒயிலிலேயே 50 மி.லீ. ஊற்றி ஆட்டிக் கவிழ்ப்பது மேல்.

ஊற்றுதல்: ஜக்கைவிட அடிமட்டம்

31 மி.மீ. குழாய் ஒன்றின் உள்விட்டம் 26 மி.மீ. என்று வைத்தால் அதன் குறுக்குப் பரப்பு 5.3 சதுர சென்ரிமீற்றர். அதற்குள் 10 மி.லீ. ஒயில் 19 மி.மீ. உயரம் பிடிக்கும். சமையலறை ஜக்கில் 10 மி.லீ. வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். அடிமட்டத்தில் 19 மி.மீ.யைத் தவறவிடுவது அதைவிடக் கஷ்டம். போதாததற்கு, ஒரு காலில் பழைய ஒயில் 5 மி.லீ. நின்றிருக்கும், மற்றதில் 12 நின்றிருக்கும். ஜக்கில் சரியாக அளந்து ஊற்றினாலும் இரண்டும் ஒன்றாகாது. ஜக்கின் எண் கிட்டக் கொண்டுபோகிறதுக்கு மட்டும்.

கையேடு சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள். குழாயை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முதலில் வெறுமையாகப் போய்வரும். பத்துத் தரத்துக்குப் பிறகு கை முழுக்க ஒரே இழுவை தெரியும். அப்போதுதான் தண்டுக்குள் இருந்த காற்று போயிருக்கிறது. பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள், குமிழ் மேலே வரட்டும். பிறகு ஸ்பிறிங் இல்லாமல், அடிவரை அமத்தி, நட்டுக்கு நிறுத்துங்கள். சிறிஞ்சின் குழாயில், வேண்டிய மட்டத்தின் அளவுக்குச் சரியாக ஒரு ரேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த அடையாளம் குழாயின் விளிம்போடு நிற்க உறிஞ்சினால், மேலதிக ஒயில் வந்து, மட்டத்துக்கு வந்ததும் காற்றுத்தான் வரும். அதே அடையாளத்தோடு மற்றக் காலும். இரண்டும் ஒரு மி.மீ.க்குள் ஒன்றாகிவிடும்.

கூட ஊற்றினால் என்ன? ஒரு கணக்குப் பாருங்கள். 31 மி.மீ. குழாய் 120 மி.மீ. ஓடினால், அமுங்கும்போது ஏறக்குறைய 90 மி.லீ. இடத்தை அடைக்கும். முழுதாக அமுங்கிய நிலையில் மேலே 50 மி.லீ. காற்று மிஞ்சுகிறதென்றால், நீண்டு நிற்கையில் 140. அமுங்கும்போது அழுத்தம் 2.8 மடங்காகிறது. ‘கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும்’ என்று 20 மி.லீ. கூட விட்டால் 120இலிருந்து 30க்கு, 4 மடங்கு. 30 மி.லீ. கூட விட்டால் ஐந்தரை மடங்கு. அந்த அழுத்தம் முழுக்கச் சீலின் உதட்டில். பெரிய பள்ளமொன்றில் புதுச் சீல் பீச்சியடிப்பது இப்படித்தான், பழி கடைக்காரனுக்கு. குறைவாக ஊற்றினால் எதிர்ப்பக்கம்: பிறேக் பிடிக்க அடியில் இடிக்கும், மேட்டில் சில்லு தூக்கும்போது மேலே ‘டக்’ கென்று தட்டும்.

மூடியை மாற்றுவதென்றால்

மூலை உருண்டது, புரி அழிந்தது, வெடித்தது என்றால் மாற்றத்தான் வேண்டும். நிறம் பூசிய அலுமினிய மூடிகள் அழகுக்கென்றும் விற்கின்றன. மொடலின் பெயரை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். ஒரே பெயரில் வருஷத்துக்கு வருஷம் குழாய் மாறியிருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் நாலு விஷயம் ஒப்பிடுங்கள். புரியின் வெளிவிட்டம், வேணியரால். புரியின் நெருக்கம்: 10 மி.மீ. நீளத்தில் எத்தனை முகடு என்று எண்ணினால் போதும், அல்லது இரண்டு மூடிகளின் புரிகளையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் அது வேறு புரி. ஓ-றிங் இருக்கிற பள்ளம். நாலாவதைத்தான் எல்லோரும் விடுவார்கள்: மூடியின் தோளிலிருந்து ஸ்பிறிங்கைத் தொடுகிற முகம்வரை உள்ள ஆழம். புதியது 5 மி.மீ. நீளமென்றால் ஸ்பிறிங் 5 மி.மீ. கூட அமுங்கும், முன்பக்கம் அந்த அளவுக்கு உயர்ந்து நிற்கும். ஸ்பேசர் குழாயிலிருந்து 5 மி.மீ.யை அரிந்தெடுத்து ஈடுசெய்யலாம், இரண்டிலும் ஒரே அளவு, வெட்டு முகம் மட்டமாக. மூடி கட்டையென்றால் தடித்த பீ.வீ.சீ. குழாயில் புது ஸ்பேசர் வெட்டலாம்; இரு பக்கமும் வாசர் இருக்கவேண்டும்.

ஓ-றிங் கறுப்பு நைற்றைல் றபராக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்க்கென்று விற்பவற்றில் சில ஒயில் பட்டால் ஊதிப் பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடும். சந்தேகமென்றால் ஒன்றைப் பழைய ஷொக் ஒயிலில் ஒரு இரவு ஊறப்போட்டு, காலையில் புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பூட்டும்போது குழாயை முழுதாக மேலே இழுத்து நீட்டிவையுங்கள், ஸ்பிறிங்கின் தள்ளல் குறையும். ஓ-றிங்குக்கு ஷொக் ஒயில் பூசுங்கள். மூடியை அமத்திக்கொண்டு முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். புரியின் நுனிகள் சந்திக்கிற இடத்தில் மூடி ‘டிக்’ என்று ஒரு மயிரிழை இறங்கும். அங்கிருந்துதான் முன்னே திருகவேண்டும், அதுவும் கையால். இரண்டு சுற்று கையால் போகாவிட்டால் புரி கோணலாக ஏறுகிறது. கழற்றித் திரும்பத் தொடங்குங்கள். இந்த இடத்தில் றெஞ்ச் போட்டவர்கள் மூடியோடு குழாயும் வாங்கியிருக்கிறார்கள்.

குழாயைக் குறித்துவைத்த உயரத்துக்கு ஏற்றிக் கீழ்க் கிளாம்பை இறுக்குங்கள். அடுத்தது மூடி, கையேட்டில் வேறு எண் இல்லாவிட்டால் 20 முதல் 25 நியூட்டன் மீற்றர் பொதுவாகப் பொருந்தும். கசிவைத் தடுப்பது ஓ-றிங், இறுக்கம் அல்ல. கடைசியாக மேல் கிளாம்ப்.

சில்லைப் போட்டு அச்சு நட்டைப் பூட்டுங்கள். அச்சை நெரிக்கிற போல்ற்றும் மட்காட் போல்ற்றுகளும் இப்போதைக்குக் கையிறுக்கத்தில் நிற்கட்டும். சைக்கிளை நிலத்தில் இறக்கி, கலிப்பரைப் பூட்டி, பிறேக் லீவரைக் கனக்கும்வரை பல தரம் பிடியுங்கள். இதை மறந்து ஒழுங்கையால் வெளியே வருகிறவருக்கு முதல் பிடியில் பிறேக் இருக்காது. டிஸ்க்கில் ஒயில் பட்டிருந்தால் பிறேக் கிளீனர் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு ஷொக்கை ஏழெட்டுத் தரம் அமத்துங்கள். கால்கள் இரண்டும் தங்களுக்குள் சமாந்தரமாக வந்து உட்காரும். அதற்குப் பிறகுதான் அந்தப் போல்ற்றுகளை இறுக்கவேண்டும். முதலே இறுக்கினால் கால்கள் கோணலாகவே நின்று, ஷொக் கொழுவிக் கொழுவி இறங்கும். நல்ல ஒயில் ஊற்றியும் பிரயோசனமில்லை என்ற முறைப்பாட்டுக்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

வடித்த ஒயில் ஏறக்குறைய ஒரு சோடாப் போத்தல் வரும். வேலி ஓரத்தில் ஊற்றவேண்டாம். நம் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். ஊற்றியது நேரே கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் ஒயில் கலந்து சனம் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். போத்தலை இறுக்கி மூடி, கழிவு ஒயில் சேர்க்கிற சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

ஒரு கிழமை ஓடினபிறகு மூடியின் விளிம்பை விரலால் தடவுங்கள். ஈரம் இருந்தால் ஓ-றிங் மடிந்து ஏறியிருக்கிறது. மேலும் இறுக்காமல் கழற்றி மாற்றுங்கள். குழாயில் சீலுக்கு மேலே மெல்லிய ஒயில் வளையம் தெரிந்தால் பயப்படவேண்டாம், முதல் சில நாள் அது வரும். துடைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாம் நாளும் அதே தடிப்பில் வந்தால் சோடாப் போத்தல் துண்டைத் திரும்ப எடுங்கள்.